தகரக் கொட்டகைக்குப் பின்னால் நட்ட குழாய்

செங்குத்து ஆன்டெனாவுக்கு ஏற்ற இடம் கடலோரம். உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் ரேடியோ அலை வெகுதூரம் போகும், வரும். இது எனக்கு அன்றைக்கே தெரியும், நிபால்டோ.

போன வாரம் உன் அம்மாவின் கல்லறைச் சிலுவையில் தேதியைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாய். "மாமா, இந்த ஜூன்ல செத்தவங்களை ரெண்டு வருஷம் முந்தியே செத்துட்டாங்கன்னு எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாய். பதிலுக்கு நிற்காமல் படகு ஏறிவிட்டாய். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். மெதுவாகத்தான் எழுத வருகிறது.

நீ ஆட்டு ரோமம் வெட்டப் பட்டகோனியாவுக்குப் போனபோது, ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பண்ணை ரேடியோவில் கூப்பிடுவதாகச் சொன்னாய். தீவில் ரேடியோ என்னிடம் மட்டும்தான். ஆன்டெனாதான் நட வேண்டியிருந்தது. கடலோர உருளைக்கிழங்கு நிலம் காலியாகக் கிடந்தது. நான் ஆன்டெனாக் குழாயைத் தகரக் கொட்டகைக்குப் பின்னால், மின்கம்பிக்குப் பக்கத்தில் நட்டேன். ஆறு மணிக்கு ஊர் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். ஏழு மணிக்கு ரேடியோவில் அந்தக் கம்பியின் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது.

இருபது வருடம் விறகு சுமந்து வந்து தனியாகத் தின்றவன் நான். நீ பேசிவிட்டால் உன் அம்மா அரைமணியில் எழுந்து போய்விடுவாள். பேசாவிட்டால் பத்து மணி வரை உட்கார்ந்திருப்பாள்.

உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு எடுத்து வருவாள். "என்ன ருடே, உன் பெட்டி இன்னிக்கும் மீனே வறுக்குது?"

"காத்து சரியில்ல ஒத்திலியா. அடுத்த வாரம் பாப்போம்."

"ஊர்ல பொண்ணே கிடைக்காம இதைக் கட்டிக்கிட்டே. இதுவும் உங்கிட்டப் பேச மாட்டேங்குது."

பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாடா?" என்று கத்துவாள். பேச்சு உன் பக்கம் போகப் பொத்தானை அழுத்துவது என் வேலை. நான் அழுத்தவில்லை. உன் கடிதங்களில் நலம் என்ற வரியை மட்டும் படித்துச் சொன்னேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

பகலில் மின்சாரம் கிடையாது. பேட்டரியில் போட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கும். அப்படி ஒரு மதியம் நீ ரேடியோவில் வந்தாய். "வீடு கட்டிட்டேன் மாமா. அம்மாவுக்கு அடுப்போட தனி ரூம். வியாழக்கிழமைக் கப்பல்ல ஏத்தி விடுங்க, நான் துறைமுகத்துல நிப்பேன்."

அன்றைக்குப் பொத்தானை அழுத்தினேன். அவள் இறந்துவிட்டாள், அடக்கமும் முடிந்தது என்றேன். நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாள். அடுப்பை ஒட்டிய நாற்காலி அவளுக்குத்தான். நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்த ஜூனில் அவளை நிஜமாகவே அடக்கம் செய்த மறுநாள் குழாயைப் பிடுங்கிக் கடலோரத்தில் நட்டேன். இப்போது பட்டகோனியா பக்கத்து வீடு மாதிரி கேட்கிறது. ஞாயிறு ஏழு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடு, நிபால்டோ. இரைச்சல் கொஞ்சமும் இல்லை.