மூடாம விட்ட பேனல்

— மெதுவா பேசுங்க பாண்டியண்ணா, அம்மி கீழதான் இருக்காங்க.

— மெதுவாத்தான் பேசறேன் இஃப்ரா, ஒங்கம்மாவுக்குக் கேக்காது. பேட்டரி நல்லா இருக்கு, இன்வெர்ட்டரும் நல்லா இருக்கு. நீ சொல்லு, இந்த சோலார் பேனல் மேல இன்னா போட்டு வெச்சீங்க? கண்ணாடி பூரா ஒட்டற சொல்யூஷன் கறை. ஷூ உரு அப்படியே பதிஞ்சி கெடக்குது பாரு.

— ஷூவோட மேல் தோலு, அப்பர் பீஸுங்கண்ணா. அம்மி ஒட்டி ஒட்டி இங்க கொண்டாந்து காய வெப்பாங்க. கண்ணாடி சூட்டுல சீக்கிரம் இறுகிடுதுன்னு. கரண்ட் போன அந்த வாரம் ஆர்டர் ஜாஸ்தி, காலைலருந்து பொழுது சாயற வரைக்கும் வெச்சிக்கினே இருந்தாங்க. ஆனா இந்த ஒண்ணுலதான். பக்கத்துல இருக்கற அந்த பேனல தொடவே இல்ல. "அது என் புள்ளைக்கு"ன்னு, காக்கா எச்சம் பட்டாகூட துணிய நனைச்சி தொடச்சி விடுவாங்க.

— அடக் கடவுளே.

— இன்னாண்ணா?

— ரெண்டும் சீரிஸ்லம்மா இருக்கு.

— அப்டின்னா?

— இதோட ப்ளஸ்ஸு அதோட மைனஸ்ல. ஒரே லைன். ரெண்டும் சேர்ந்து தள்ளினாத்தான் பேட்டரி ஏறும். இத மூடிட்டா, அது நாள் பூரா வெயில்ல காஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. பேரலல்னு ஒண்ணு இருக்கு. அதுல தனித்தனியா வரும். பேட்டரியையும் அதுக்குத் தக்க மாத்திப் போட்டிருந்தா, ஒண்ண மூடினாலும் பாதியாவது ஏறியிருக்கும்.

— பாதி ஏறியிருந்தா, அன்னைக்கு கரண்ட் போனதும் அண்ணனோட ஆக்சிஜன் மெஷின் ஓடியிருக்குமா?

— வேணாம் இஃப்ரா.

— சொல்லுங்கண்ணா. ஆட்டோ வர்ற வரைக்குமாவது? என் மடியிலதான் மூச்சுக்கு அடிச்சிக்கிச்சு. எனக்குத் தெரியணும்.

— ஓடியிருக்கும்.

— யா அல்லா...

— அழாதம்மா. அவங்க மேல வந்துடப் போறாங்க.

— அம்மிக்கு இது தெரியவே கூடாது. தெரிஞ்சா அவங்களையும் பொதைக்கணும். நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிஞ்சும் தெனம் இதே பேச்சு. "பேட்டரி ஏன் படுத்துச்சு, பாண்டியன கூப்டு, பாண்டியன கூப்டு." நீங்க பேட்டரி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க.

— நான் மாட்டினது மட்டமான பேட்டரின்னே சொல்லிடறேன். என் தப்புன்னு.

— திட்டுவாங்களேண்ணா.

— திட்டட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தாங்கல. சீரிஸ்ல போடுடான்னு சொன்னதே ஒங்கண்ணன் தானிஷ்தான். நெழல் வந்தா ரெண்டும் படுத்துடுமேடான்னேன். "மொட்டை மாடில ஏதுடா நெழலு, சீரிஸ்னா மெல்லிசு வயரே போதும், செலவு கம்மி"னான். ஃபேக்டரில எலக்ட்ரீஷியனா இருந்தவன், அவனுக்கு நான் சொல்லணுமா? இந்த ஸ்குரூ எல்லாம் அவன் முறுக்கினது. ரெண்டு முறுக்கு முறுக்குவான், குந்தி இருமுவான், மறுபடி எழுந்திருப்பான். அம்மா இங்க காய வெக்கறது மட்டும் அவன் காதுல வுழுந்திருந்தா, ஒரு சத்தம் போட்டு நிறுத்தியிருப்பான்.

— எங்கண்ணா? கட்டில விட்டு எறங்கியே ரொம்ப நாளாச்சு. அம்மி குனிஞ்சி குனிஞ்சி ஒட்டறதப் பாத்து, "என் ஒருத்தனுக்காக ரெண்டு பேரும் சாவறீங்க"ன்னு அழும். அவ்ளோதான். உஷ், வர்றாங்க.

— யாரு, பாண்டியனா? வா பேட்டா. ஒரு டீ கூட குடிக்காம மேல ஏறிட்டியா? இன்னாடி இஃப்ரா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு?

— வெயிலு அம்மி.

— பாத்துட்டியா பேட்டா? இன்னா ஆச்சாம் அதுக்கு?

— பேட்டரிதாம்மா. நான் வாங்கி மாட்டினது சரியில்ல. என் தப்பு.

— ஒன் தப்பா?

— ஆமாம்மா.

— ஏன்டா, நல்லதா பாத்து மாட்டக் கூடாதா? ஒன் தோஸ்துதானேடா அவன்? ஒரே தட்டுல சாப்ட்டவங்கதானேடா ரெண்டு பேரும்? என் வவுறு எரியுதுடா.

— மன்னிச்சிடுங்கம்மா.

— அம்மி, விடுங்க. அவரே ஒடஞ்சி போயிருக்காரு.

— ஒன்ன திட்டி இன்னா ஆவப்போவுது பேட்டா. அல்லா எடுத்துக்கினான். ஆனா எனக்குத் தூக்கமே இல்லடா. நான் இங்க அப்பர் காய வெச்சனே, அதனாலயோன்னு. அதில்லல்ல?

— இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

— அதான பாத்தேன். அவன கேக்காம வெப்பனா நானு? "பேட்டா, ஒரு பேனல்ல காய வெச்சிக்கட்டா, ஒனக்குக் கம்மி ஆயிடுமா?"ன்னு கேட்டேன். என் கைய இழுத்து முத்தம் குடுத்து, "தாராளமா வெய்யி அம்மி, எனக்கு இன்னொண்ணு போதும்"னான்.