வாடாத கீரை

அகத்திக்கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது, ரேஞ்சர் சார். வாடிவிட்டால் வெளிமான் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

மயிலாப்பூரில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பூணூல் கல்யாணத்தில் பையனின் பூணூலில் நகத்தளவு மான்தோல் கட்டுவது எங்கள் வழக்கம். அதற்கு என்னிடம்தான் வருவார்கள். மகனுக்குப் பூணூல் வைத்திருந்த நீரஜா, தோலைக் கையில் வாங்கவே தயங்கினாள்.

"மாமா, கொன்னு எடுத்தது இல்லையே? தானா செத்ததுதானே?"

"தானாத்தாம்மா."

பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. தொண்ணூற்று மூன்றில் கண்ணி வைத்தவனை நீங்கள் பிடித்தபோது, கபாலீசுவரருக்குத் தேங்காய் உடைத்தவன் நான். ஒரு ஜீவனை அப்படித் துடிக்க விடலாமா?

நான் கத்தியைத் தொட்டதே இல்லை. கோட்டூர்புரம் பக்கம் உங்கள் காட்டுச் சுவர் இடிந்த இடத்தில், விடியற்காலையில் மானுக்குக் கையால் ஊட்டுவேன். என் குரல் கேட்டாலே வந்துவிடும். தோல் தேவைப்படும் நாளில் மட்டும் கீரையில் பூச்சிமருந்து தடவிக் கொடுத்துவிட்டு, சுலோகம் சொல்லிக்கொண்டே வீடு திரும்புவேன். அது சாகும்போது பக்கத்தில் இருக்கமாட்டேன். உரிப்பதற்கு வேறு ஆள்.

ஒருநாள் மருந்து தடவிய கீரைக்கட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு மானுக்காகக் காத்திருந்தேன். ஆற்றோரக் குடிசையிலிருந்து தாயம்மா குடத்தோடு வந்தாள்.

"இன்னா சாமி, மானுக்கு மட்டுந்தான் கீரையா? எம் பொண்ணு கயலு இன்னா பாவம் பண்ணுச்சு? வாய்ப்புண்ணு, சோறே எறங்கல."

சிரித்தபடி கீரைக்கட்டை எடுத்துக் குடத்தின்மேல் வைத்துக்கொண்டாள். "நல்லா இருப்ப நைனா."

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அவள் சரிவில் இறங்கிவிட்டாள்.

கழுவித்தான் சமைத்தாளாம். தனக்கென்று ஒரு வாய்கூட வைக்காமல் எல்லாவற்றையும் பிள்ளைக்கே ஊட்டியிருக்கிறாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பினாள். காரியத்துக்கு நான்தான் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து பூஜையில் உட்கார்ந்தால் யாரோ கீரை மெல்லும் சத்தம் கேட்கிறது. மணியை உரக்க அடித்தாலும் நிற்பதில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே உங்களிடம் வந்தேன்.

மருந்து வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கயலுக்கு நான் ஊட்டவில்லை. அப்போது பக்கத்தில்கூட இல்லை.

அவள் தானாகத்தான் செத்தாள்.