பேச்சிக்கனிக்காக மாமியார் சொன்ன பதில்

தேரிக்காட்டுச் செம்மணலில் மாட்டுவண்டித் தடம் மட்டுமே இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் செங்குழிவிளை என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஓலைக் கூரை போட்ட ஒரு செபவீடு. ஒரு பங்குனி மாசத்துக் காலையில் அங்கே கூடியிருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஞானஸ்நானம் கொடுக்க வந்த வெள்ளைக்கார ஐயர் ஒருவர். அவரைக் கூட்டிவந்த வண்டிக்காரர் ஒருவர். உபதேசியார் ஞானாபரணம் ஒருவர், அவர் மனைவி ஒருத்தி. பாட்டுப் பாட அடுத்த ஊரிலிருந்து வந்த அண்ணன் தங்கை இரண்டு பேர். ஆக ஆறு. இந்த ஆறு பேரும் ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கினவர்கள். வாங்க வந்தவர்கள் மூன்று வீட்டார். ஒரு வீட்டில் நாலு, ஒரு வீட்டில் மூன்று. மூன்றாவது வீடு பனையேறி சிவனணைஞ்சான் வீடு. அவனும், பெண்டாட்டி பேச்சிக்கனியும், பெண்பிள்ளைகள் இரண்டும், கைக்குழந்தை ஒன்றுமாக அஞ்சு. ஆக பன்னிரண்டு. ஆறும் பன்னிரண்டும் பதினெட்டு. இன்னும் ஒருத்தி பிறகு வந்தாள். அவளையும் சேர்த்தால் பத்தொன்பது பேர் என்றுதான் சொல்லுவார்கள்.

இந்தப் பேச்சிக்கனிக்குத்தான் ஒரு மாசமாகத் தூக்கமில்லையாம்.

என்னவென்றால், ஐயர் வந்து ஒரு கேள்வி கேட்பார் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். "முழு இருதயத்தோடும் ஆண்டவரை நேசிக்கிறாயா?" என்று கேட்பாராம். "நேசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பாடம் பண்ணிவிட்டார்கள். பேச்சிக்கனி மட்டும் எழுந்து நின்றாளாம்.

"உபதேசியாரே, முழுசுன்னா எம்புட்டு?"

"முழுசுன்னா முழுசுதாம்மா."

"கொஞ்சங்கூட மிச்சம் வைக்கப்பிடாதோ?"

"வைக்கப்பிடாது."

"அப்போ பிள்ளைய நினைக்கிறது? பதநீர்த் தாச்சிய நினைக்கிறது?"

உபதேசியார் தலையைச் சொறிந்தாராம். "அதெல்லாம் ஐயர்கிட்ட கேட்டுக்கிடலாம், உக்காரு" என்றாராம். அவருக்கும் தெரியவில்லை என்று அவள் கண்டுகொண்டாள். குழப்பம் இரட்டிப்பானது.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் விடிலியில் இரண்டு சிரட்டைகளை எடுத்து வைத்தாளாம். விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசை. தாச்சி என்றால் அதைக் காய்ச்சுகிற அகலச் சட்டி. மனசு ஆண்டவரிடம் போனால் வலது சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. வேறு எங்கே போனாலும் இடது சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் போட்டாள். தாச்சியைக் கிண்டினாள், போட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், போட்டாள். விறகு ஒடித்தாள், போட்டாள். எண்ணிப் பார்த்தால் வலதில் மூன்று. உபதேசியார் சொல்லிக்கொடுத்தபடி முழங்கால் போட்டு, கண்ணை மூடிச் சொன்ன மூன்று செபம். இடதில் அறுபத்தொன்று.

இன்னும் ஒரு கொட்டை கையில் இருந்ததாம். ஆண்டவருக்குக் கொட்டை போட மறந்துவிட்டோமே என்று நினைத்தாளே, அந்த நினைப்புக்கு உள்ள கொட்டை. அது ஆண்டவர் நினைப்பா, கொட்டை நினைப்பா? வலமா, இடமா? அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாளாம். கடைசியில் தூக்கித் தீயில் போட்டுவிட்டாள்.

ஞானஸ்நானத்து அன்றைக்கு ஐயர் வந்தார். மற்ற இரண்டு வீட்டார் ஏழு பேருக்கும் தண்ணீர் ஊற்றினார். மூன்றாவது வீட்டுக்கு வந்தார். கேள்வியைக் கேட்டார். சிவனணைஞ்சான் "நேசிக்கிறேன்" என்றான். பேச்சிக்கனியிடம் கேட்டார்.

"இல்ல ஐயரே" என்றாளாம்.

செபவீடே திகைத்துப் போயிற்று.

"ஏட்டி, என்ன சொல்லுத?" என்றான் புருசன்.

"மூணுக்கு அறுபத்தொண்ணு. ஆண்டவர் முன்னால நின்னுக்கிட்டு எப்படிப் பொய் சொல்ல?"

ஐயர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் கூரையைப் பார்த்தார். ஐயருக்குத் தமிழ் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு தெரியவில்லை. ஒருவேளை தமக்குத்தான் விளங்கவில்லையோ என்று மறுபடியும், மெதுவாக, அதே கேள்வியைக் கேட்டாராம். மறுபடியும் அதே பதில்.

"அவ இல்லேன்னா பிள்ளைகளும் வேண்டாம், நானும் வேண்டாம்" என்று சிவனணைஞ்சான் பின்னால் நகர்ந்தான். குடும்பத்தைப் பிரித்து நிற்க அவனுக்கு மனசில்லை. ஐயரோ உச்சிப் பொழுதுக்குள் வண்டி ஏற வேண்டும். விட்டால் அடுத்த பங்குனிக்குத்தான் வருவார். முந்தின வருசம் இப்படித்தான் நாளைக்கு, பிறகு என்று தள்ளிப்போட்டு, பேச்சிக்கனியின் தலைமகன் ஞானஸ்நானம் இல்லாமலே மண்ணுக்குள் போனான். அதை நினைத்தவள் கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது. பதில் மாறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் பூவுடையாள் உள்ளே வந்தாளாம். அவளுக்கு இந்த வேதம் பிடிக்காது. செபவீட்டு வாசலை அதுவரைக்கும் மிதித்ததில்லை. விடிலியில் தனியாகக் கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்து, அடுப்புத் தீயை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மருமகளைக் கையோடு இழுத்துப் போக வந்திருந்தாள்.

"தாச்சி அங்க கிடக்கு, நீ இங்க அழுதுகிட்டு நிக்கிறியோ? என்ன சங்கதி?"

உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆண்டவரை முழு இருதயமா நேசிக்கலேன்னு சொல்லுதா, ஆச்சி."

"யாரு, இவளா?" பூவுடையாள் இடுப்பில் கையை வைத்தாளாம். "பொய்யி! பச்சைப் பொய்யி! ஐயரே, நீரு வருசத்துக்கு ஒருநாள் வாரீரு. ஒரே கூரைக்குள்ள கிடக்கிறது நானு. விறகு ஈரமா இருந்தா 'அப்பனே'ங்கா. பதநீர் பொங்குனா 'அப்பனே, கை குடு'ங்கா. ஆடு காணலேன்னாலும் கூப்பிடுதா, கிடைச்சாலும் கூப்பிடுதா. என் மவன் பனையில ஏறிட்டா, அவன் கால் தரையில படுறது வரைக்கும் இவ வாய் மூடாது. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ என் நெத்தியில கைய வச்சிக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, அவருகிட்டயே பேசிக்கிட்டு இருந்தா!"

யாரோ சிரித்தார்களாம். பூவுடையாள் திரும்பி முறைத்தாள்.

"சிரிக்காதீய! இப்போ பேத்திகளும் பிடிச்சிக்கிட்டாளுவ. சின்னவ மண்ணுல சோறாக்கி விளையாடுதா, அதுக்கும் 'அப்பனே, உப்பு போதுமா'ங்கா. யாரு சொல்லிக்குடுத்தா? இவ வாயைப் பாத்துப் படிச்சதுதானே? என் வீட்டுல ஒரு ஆளு கூடுதலாக் குடியிருக்காரு, எனக்குக் கால் நீட்ட இடமில்ல!"

பேச்சிக்கனி வாயைப் பிளந்து நின்றாளாம். "அத்தை, அதெல்லாம் செபமில்லையே. வேலை பாக்கும்போது சும்மா வாயில வாரது. நான் அதை எண்ணவே இல்லையே."

"எண்ணுனா சிரட்டை கொள்ளுமா, ஏட்டி?"

ஐயர் புத்தகத்தைப் பார்த்தார். வேறொருவர் பதில் சொல்லலாம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது தடவை கேள்வியைக் கேட்டார். பேச்சிக்கனி வலதா இடதா என்று தெரியாத பிள்ளையைப் போல மாமியார் முகத்தைப் பார்த்தாளாம்.

"ஆமான்னு எழுதிக்கிடும் ஐயரே" என்றாள் பூவுடையாள். "நான் சொல்லுதேன். சீக்கிரம் தண்ணிய ஊத்தி அனுப்பும், வேலை கிடக்கு."

ஐயர் புத்தகத்தை மூடினார். பிறகு தண்ணீரை அள்ளினார். தலையில் தண்ணீர் விழுகிறபோதுகூட அந்தக் கையிலிருந்த கொட்டை வலமா இடமா என்று அவளுக்கு விளங்கவில்லையாம். சாகிற வரைக்கும் விளங்கவில்லை என்றுதான் சொல்லுவார்கள்.

அதனால்தான் இன்றைக்கும் செங்குழிவிளைக் கோயிலில் அந்தக் கேள்வி கேட்கும்போது, ஞானஸ்நானம் வாங்குகிறவர் வாய் திறப்பதில்லை. ஒரே கூரைக்குள் கூட இருக்கிறவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதற்கு மாமியார் சாட்சி என்று பெயர். பட்டணத்திலிருந்து வருகிறவர்களும் வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். சண்டை போட்ட ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்பார்கள். பூவுடையாளே பிறகு பேரன் பேத்தி, கொள்ளுப்பிள்ளை என்று பதினோரு பேருக்கு எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். "உனக்கு எப்போ ஆச்சி?" என்று கேட்டால், "அடுப்புல வேலை கிடக்கு" என்று நடையைக் கட்டிவிடுவாளாம்.

அன்றைக்கு உச்சிப் பொழுதில் ஐயர் வண்டி ஏறினார். வந்தவர்கள் பத்தொன்பது. முன்னமே ஞானஸ்நானம் வாங்கினவர்கள் ஆறு. அன்றைக்கு வாங்கினவர்கள் பன்னிரண்டு. மிச்சம் ஒன்று.