காலடியில் ஒரு விரிப்பு

நடந்ததை நடந்தபடியே சொல்வேன்; கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன் என்ற உறுதியோடு தொடங்குகிறேன்.

நெசவுக்கூடத்தின் விதியை இன்று முடிவுசெய்ய வந்திருக்கும் தலைவர் ஜம்புலிங்கம் ஐயா அவர்களே, நம் தீவின் ஹேடோ பகுதிப் பெரியோர்களே, தறி மிதித்த காலோடு நேரே வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவி இந்திராணியின் பணிவான வணக்கம்.

கப்பல் வந்தால் நூல். நூல் வந்தால் நெசவு. நெசவு நடந்தால்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு. கப்பல் தாமதித்தால்? தறி தூங்குகிறது. தூங்கும் தறியைக் கடலுக்கு அப்பால் மெயின்லேண்டுக்கே திருப்பி அனுப்பலாம் என்கிறது அலுவலகம்.

நம் வீட்டில் எந்தத் துணி ஒரே பிறவியோடு போனது? சேலை கிழிந்தால் தூளி. தூளி கிழிந்தால் தலையணை உறை. உறையும் கிழிந்தால் கரித்துணி. அந்த வழக்கத்தையே என் அம்மா மரகதமும் மற்றவர்களும் தறியில் ஏற்றினார்கள். மீந்த நூலை நீளவாட்டில் பாவாக்கி, பழஞ்சேலையை நாடாவாகக் கிழித்துக் குறுக்கே ஊடையாக்கி, விரிப்பு நெய்தார்கள்.

பின்வரிசை அண்ணன் கேட்கிறார், "அது காயவே இல்லையாமே, பாப்பா?" என்று. உண்மைதான், அண்ணா. குழாயில் தண்ணீர் வராத கோடை அது. கிழிக்கும் முன் பழஞ்சேலைகளைக் கடலில் அலசிவிட்டோம். மழைக்காலம் பிறந்ததும், வாங்கிப்போன ஜெயமணி அத்தை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏன் மரகதம், பச்சாவ இதுல படுக்கவெச்சா, நனைச்சது புள்ளையா உன் விரிப்பான்னே தெரியல."

"வெயில்ல போடுங்கக்கா, காஞ்சிடும்."

"போட்டேன், காஞ்சுது. மேகம் வந்தா மறுபடி கீலா, ஒரே ஈரம். கடலையே சுருட்டிக் குடுத்திட்டியா?"

அம்மாவும் சிரித்துவிட்டார். ஆனால் விரிப்பை எறியவில்லை. கெட்டி நெசவுக்குள் புகுந்து காற்றின் ஈரத்தையெல்லாம் இழுக்கும் உப்பு, மேலே தண்ணீர் ஊற்றினால் போகுமா? எல்லோரும் உட்கார்ந்து நாடா நாடாவாக அவிழ்த்தார்கள். கூரையிலிருந்து கொட்டிய மழைநீரில் உப்புப் போக அலசினார்கள். உலர்த்தினார்கள். அதே நாடாவை மறுபடி நெய்தார்கள். கிழிந்தது மட்டுமா, பிழையாய்ப் போனதும் திரும்பத் தறியேறியது. இதற்கு எந்தக் கப்பல் வரவேண்டும்?

தலைவர் ஐயா, அந்த விரிப்புதான் நேற்று முதல் உங்கள் நாற்காலியின் கீழே கிடக்கிறது. நேற்று முதல் மழையும் விடவில்லை. செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பாருங்கள். ஈரமென்றால் தறிகளைக் கப்பலேற்றுங்கள். காய்ந்திருந்தால் அவை இங்கேயே இருக்கட்டும்.

தாய்மார்களே, சிரிக்காதீர்கள், ஐயா குனிந்து செருப்பு வாரை அவிழ்க்கிறார்.

பொறுமையாய்க் கேட்ட எல்லோருக்கும் நன்றி கூறி வணங்குகிறேன்.

மின்சார நேரம் முடிந்ததாம், விளக்கை அணைத்துவிட்டார்கள். இருக்கட்டும், ஐயா. ஈரம் அறியக் காலுக்கு வெளிச்சம் வேண்டாம்.