குடம் கேட்டவர் யார்

தளவாய்: நஜிமுதீன், நீரு சொல்ல வந்தத நான் சொல்லிருதேன். எலெக்‌ஷன், ஓட்டு, ஓட்டுக்கு நிக்குற அந்த மாட்டுங்கா அம்மா. சரிதானா வே?

நஜிமுதீன்: அண்ணாச்சி, நான் இன்னும் செருப்பையே கழட்டல.

தளவாய்: சட்டப்பையில நோட்டீஸு எட்டிப் பாக்குதே. பை தைக்கிற மிஷின மூடிப் போட்டுட்டு இதுக்குத்தான் அலையுதீரா?

நஜிமுதீன்: கார்ப்பரேஷன் எலெக்‌ஷனுக்கு இன்னும் ஒம்பது நாளுதான் கெடக்கு. ஒங்க மருமவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருவேன்.

தளவாய்: மருமவகிட்டப் பேசணும்னா மொதல்ல என்கிட்டப் பேசணும். இந்த வீட்டுக்குன்னு ஒரு மொறை இருக்கு.

பூமாரி: மாமா, நான் அடுப்புப் பக்கந்தான் நிக்கேன். நாலடி தூரம். எல்லாம் காதுல விழுது.

தளவாய்: விழட்டும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அங்கனயே நில்லு.

நஜிமுதீன்: தண்ணிக்காக ரெண்டு வருஷமா காலிக்குடத்தோட மோர்ச்சா ஊர்வலம் போறாங்களே, அந்த அறுவது பொம்பளையும் பூமாரி தங்கச்சி சொன்னாத்தான் கேப்பாங்க. வீட்டுக்கு நாலு ஓட்டுன்னாலும்...

தளவாய்: கணக்கு இருக்கட்டும். முப்பது வருஷம் தோல் ஷாப்புல முகாதமா, மேஸ்திரியா நின்னு நூறு பேர வேல வாங்குனவன் நான். ஒருத்தன் என்னைய ஏன்னு கேட்டதில்ல. இன்னிக்கு என் மருமவ பேரு போலீஸ் ஸ்டேஷன் புஸ்தகத்துல ஏறிக் கெடக்கு. அந்த மோர்ச்சாவுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்லன்னு இந்தச் சாலுல உள்ள அத்தன வீட்டுலயும் சொல்லி வச்சிருக்கேன்.

பூமாரி: அறுவது பேரு பேரும்தான் ஏறிச்சு. என் பேரு மொதல்ல.

தளவாய்: பேச்சப் பாத்தீரா?

நஜிமுதீன்: பாத்தேன் அண்ணாச்சி. எனக்கு ஓட்டு வேணும், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

பூமாரி: அண்ணே, சும்மா தெரிஞ்சிக்கிடத்தான் கேக்கேன். அந்த மாட்டுங்கா ராஜலக்ஷ்மி அம்மா யாரு? ஒரு நாளாவது இங்கன வரிசையில நின்னிருக்காங்களா?

நஜிமுதீன்: நின்னிருக்காங்களே! இருவத்தஞ்சு வருஷம் முனிசிபல் ஸ்கூல் டீச்சர். எந்தக் கட்சியும் கெடையாது. போன மாசம் கிங்ஸ் சர்க்கிள்ல பஸ் ஏறி வந்து, காலையில அஞ்சு மணிக்கு ஒங்க குழாயடியில நின்னு, ஒரு குடம் ரொம்ப எவ்வளவு நேரமாகுதுன்னு வாட்ச்சுல பாத்தாங்க. பத்தொம்பது நிமிஷம்.

பூமாரி: அடியாத்தி! வாட்ச்சப் பாத்துக்கிட்டு நின்ன கண்ணாடிக்காரம்மாவா? ஏதோ சர்க்காரு ஆளு வந்திருக்கு, குழாயப் பூட்டத்தான் போகுதுன்னு எங்க வரிசையில நின்ன முருகம்மாள் கெட்ட வார்த்தையில பேசிட்டாளே!

நஜிமுதீன்: அதையும் எழுதிக்கிட்டாங்க.

பூமாரி: எத, கெட்ட வார்த்தையவா?

நஜிமுதீன்: ஜனங்க கோவமா இருக்காங்கன்னு.

தளவாய்: இருந்தாலும் வெளியாளுதானே வே.

நஜிமுதீன்: இப்ப இருக்க கார்ப்பரேட்டர் உள்ளாளு. பொறந்ததே இந்தச் சந்துலதான். பத்து வருஷத்துல எத்தனை குழாய் வந்துச்சு அண்ணாச்சி?

பூமாரி: வெளியாளுங்கறதுகூடப் பரவாயில்ல. எங்க அறுவது பேருல நூர் நிஷா வேணாங்கா, ஆறுமுகத்தாய் போட்டுத்தான் பாப்போமேங்கா. ஆனா ஒரு விஷயத்துல எல்லாருக்கும் வயிறு எரியுது. நாங்க வெயில்ல தூக்கிட்டு அலைஞ்ச குடத்த, அந்தம்மா தன்னோட சின்னமாக் கேட்டு வாங்கிட்டாங்களே, அது என்ன நியாயம்?

நஜிமுதீன்: அதுல ஒரு சங்கதி இருக்கு...

பூமாரி: போன வெள்ளிக்கெழம குடத்தோட கெளம்புனோம். இன்ஸ்பெக்டர் மறிச்சு, இது மோர்ச்சாவா, பிரசாரமான்னு கேக்காரு. ஓட்டு போடுற ஸ்கூலு குழாய ஒட்டி இருக்கு. ஓட்டு அன்னிக்குக் குடத்தோட போனா ஓட்டுக் கேட்டதா கேஸு போடுவாராம். தண்ணிய எதுல புடிக்க, முந்தானையிலயா?

தளவாய்: செம்புல புடி.

பூமாரி: மாமா, வெளையாடாதீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் குழாயடியில கூடுதோம். யாருக்குமே ஓட்டுப் போடக் கூடாதுன்னு இன்னிக்கு முடிவாயிரும்.

நஜிமுதீன்: ஐயோ தங்கச்சி! அப்ப பழைய ஆளேதான் ஜெயிப்பான். இன்னும் அஞ்சு வருஷம் பத்தொம்பது நிமிஷந்தான்.

பூமாரி: எங்க குடத்தத் திருடுனவங்களுக்குப் போடுறதுக்கு அது தேவல.

நஜிமுதீன்: திருடல! காப்பாத்துனாங்க. குடத்த மொதல்ல கேட்டதே அந்தக் கார்ப்பரேட்டர் ஆளுதான். ஒரு டம்மி வேட்பாளர நிறுத்தி, அவனுக்குக் குடம் சின்னத்த வாங்கி, ஒங்க ஓட்டையெல்லாம் அவனுக்கு விழ வைக்க ஏற்பாடு. மேடமும் குடத்தக் கேட்டாங்க. ரெண்டு பேரு கேட்டதுனால சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. மேடத்துக்கு விழுந்துச்சு.

பூமாரி: நல்லா இருக்கே! இவங்க உள்ளுக்குள்ள போட்ட திட்டம் மாட்டுங்காவுல இருக்க டீச்சருக்கு எப்படித் தெரியும்?

நஜிமுதீன்: ஒருத்தர் போய்ச் சொன்னாரு. சலூன்ல அந்தாளுங்க சிரிச்சுப் பேசுனதக் கேட்டிருக்காரு.

பூமாரி: யாரு?

நஜிமுதீன்: பேரச் சொல்லக் கூடாதுன்னு மேடத்துகிட்ட வாக்கு வாங்கிட்டுப் போயிருக்காரு. எனக்கே நேத்துத்தான் தெரியும்.

பூமாரி: அப்ப கதை.

நஜிமுதீன்: சத்தியமா கதை இல்ல தங்கச்சி.

பூமாரி: ஆளு உண்டு, பேரு கெடையாதா? இத நான் குழாயடியில சொன்னா முருகம்மாள் என்னையத்தான் அடுத்துத் திட்டுவா.

தளவாய்: பேரு எதுக்கு? எவனோ வந்தான், சொன்னான். விட்டுத் தள்ளு.

பூமாரி: நீங்க ஏன் மாமா அவருக்குப் பதிலாச் சொல்லுதீங்க? இவ்வளவு நேரம் வெளியாளு, வெளியாளுன்னீங்க.

நஜிமுதீன்: அண்ணாச்சி... நீங்க என்ன சொல்லுதீங்க?

பூமாரி: அவரு மொகத்தப் பாத்து எதுக்குக் கேக்கீங்க?

நஜிமுதீன்: சும்மாதான்... பெரியவங்க இல்லயா...

பூமாரி: ஒண்ணு சொல்லுதேன் அண்ணே. பொம்பளைங்க நாங்க அறுவது பேரு தெருவுல நின்னு பேரக் குடுத்தோம். அந்த ஆம்பளைக்குத் தன் பேரு வெளிய வந்தா கௌரவம் கொறஞ்சு போகுதாக்கும். அவரு சொன்னது நெசமாவே இருந்தாலும் எங்களுக்கு வேணாம்.

தளவாய்: வாய அளந்து பேசு.

பூமாரி: ஒங்களச் சொல்லலையே மாமா.

நஜிமுதீன்: நான் கெளம்புதேன் அண்ணாச்சி. வேலை கெடக்கு.

தளவாய்: இரும் வே.

பூமாரி: நீங்க இருங்க. நான் போறேன். மணி அஞ்சாகப் போகுது.

தளவாய்: போய் என்ன சொல்லப் போற?

பூமாரி: மாட்டுங்கா அம்மாவுக்கு நம்ம ஓட்டு இல்ல, யாருக்குமே இல்லன்னு. வேற என்ன சொல்ல?

தளவாய்: அந்தம்மா வீடு மூணாவது மாடி.

பூமாரி: என்னது?

தளவாய்: லிஃப்ட் கெடையாது. நடுவுல ஒருக்க உக்காந்துதான் ஏறுனேன். உள்ள வாங்கன்னாங்க, போவல. காப்பி கொண்டாந்தாங்க, தொடல. எங்க வீட்டுப் பொம்பளைங்க தூக்குன குடம், அத அவன் கையில போவ விட்டுறாதீங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். இதுவரைக்கும் நான் யாரையும் கும்பிட்டுக் கேட்டதில்ல... சரி, நிக்காத, போ. அங்க யாராவது பேரு கேட்டா, பூமாரி மாமனாருன்னு சொல்லு.