அழித்த கோடு

பிள்ளைகளே, இன்று காலை பறக்கும் ரயிலில் என் எதிர் இருக்கையில் கேட்ட பேச்சு இது. அலுவலக அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை தருவது எப்படி என்று சொல்லும் கையேடுகளில் எழுத்துப்பிழை திருத்துவது அவர்கள் வேலை.

"ஒரே ஒரு கோடுதான் மச்சி அழிச்சேன். யாரோ ஒருத்தரோட ஃபைல் பூரா போச்சு."

"இன்னா கோடு?"

"கமாண்டுல ரெண்டு சின்னக் கோடு இருந்துச்சு. ஒண்ணு தப்பா விழுந்திருக்குன்னு எடுத்துட்டேன். ரெண்டு இருந்தா எதெல்லாம் அழியும்னு காட்டுற வெறும் ஒத்திகையாம். ஒண்ணுன்னா நெஜமாவே அழிச்சிடுமாம். அவரு நம்ம கையேட்டைப் பாத்து அப்படியே அடிச்சிருக்காரு."

"எல்லாருக்கும் ஒரே லாகின்தானே. நீதான்னு யாருக்குத் தெரியும்? கம்முனு இரு."

இரண்டு நிறுத்தம் தாண்டியது. கோட்டை அழித்தவள் போனை எடுத்தாள்.

"சார், அந்தக் கோட்டை எடுத்தது நான்தான்."

பேசி முடித்ததும் தோழி கேட்டாள். "வேலை போச்சா?"

"அதைப் பத்திப் பேசவே இல்ல. வேற எங்கெல்லாம் இப்படி எடுத்தேன்னு கேட்டாரு."

"எடுத்தியா?"

"பதினோரு பக்கம். எல்லாத்தையும் இன்னிக்கே திருத்தணும்."

தரமணி வருவதற்குள் இருவரும் கதவருகே போய் நின்றார்கள்.

"ஆறு பக்கம் எனக்குக் குடு," என்றாள் தோழி.