ஏழாம் எண் வில்லை

படகிலேயே ஒரு வாரம் தங்கிக் கடலுக்குள் முங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அறையில் ஜன்னல் இருக்கிறதா என்றுதான். ஜன்னலைப் பார்த்து அறை எடுக்கக் கூடாது, சார். மேல்தளத்தில் காற்றும் வெளிச்சமும் இருக்கும், கூடவே ஆட்டமும் இருக்கும். பின்பக்கம் எஞ்சின் சத்தம். முன்பக்கம் அலை தூக்கிப் போடும். கீழ்த்தளத்தில் நட்டநடுவில் இருக்கும் அறைதான் அதிகம் ஆடாது. வாந்தி வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. என் சிநேகிதன் உதயாவுக்கு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாலே குமட்டும். அதனால் அந்த அறையை அவனுக்குக் கொடுத்தேன்.

பதினாலு பேருக்கும் அறை பிரித்தது யார் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான்தான். பெங்களூர் அல்சூரில் என் வீட்டு மேசையில் படகின் வரைபடத்தை விரித்து வைத்துப் பென்சிலால் ஒவ்வொரு பெயராக எழுதினேன். உதயா பெயரை மட்டும் பேனாவால் எழுதினேன்.

நாங்கள் இருவரும் கோலார் தங்கவயல்காரர்கள். எங்கள் அப்பாக்கள் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கினவர்கள். சுரங்கம் மூடின பிறகு நானும் உதயாவும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனோம். பிறகு இங்கேயே தங்கினோம். ஒரு நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்து முங்குநீச்சல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தோம். அப்பன் பூமிக்குள் போனான், பிள்ளை தண்ணிக்குள் போகிறான் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

அப்பாக்களிடமிருந்து ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுரங்கத்துக்குள் போகிறவர் எண் போட்ட பித்தளை வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் தன் கையாலேயே பலகையில் மாட்டுவார். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், தேடிப் போவார்கள். வில்லையை இன்னொருத்தன் கையில் கொடுக்கவே கூடாது, பெற்ற மகனாக இருந்தாலும். எங்கள் குழுவுக்கும் பதினாலு வில்லைகளும் கொக்கிப் பலகையும் செய்து வைத்திருந்தோம். தண்ணீருக்கோ கீழ்த்தளத்துக்கோ போகிறவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உதயாவின் எண் ஏழு.

இப்போது கேரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் எங்களிடம் படித்த பெண், இருபத்திரண்டு வயது. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி அவளுக்கு வரவே இல்லை. அன்று எனக்கு அவசரம். தேறிவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறொரு குழுவோடு கடலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பயந்துவிட்டாள், அவள் தப்புதான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவளுடைய அம்மாவும் அதை நம்பினார். என் கையெழுத்து விஷயம் உதயா ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது சொன்னான்.

"மச்சா, போயிட்டு வந்ததும் கேரல் அம்மாகிட்ட நீயே சொல்லிடு. பாவம்டா, பொண்ணு மேலயே தப்புன்னு நெனச்சுட்டு அழுதுட்டு கெடக்குறாங்க. நீ சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டி வரும்."

கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னான். சரிடா என்றேன். அன்று சாயங்காலம்தான் வரைபடத்தை விரித்தேன்.

அந்தப் படகில் நான் முன்பே ஒரு தடவை போயிருக்கிறேன். அதே நடு அறையில் தங்கினேன். கதவு உப்புக் காற்றில் ஊறிப் போயிருந்தது. அழுத்தி மூடிவிட்டால் உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது, வெளியிலிருந்து யாராவது உதைக்க வேண்டும். கீழ்த்தளத்துக்குப் படிக்கட்டு பின்கோடியில், அவசர வழி முன்கோடியில். இரண்டுக்கும் ரொம்ப தூரத்தில் இருப்பது அந்த அறைதான். படகில் தீப்பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எதையும் பற்றவைக்கவில்லை. ஏதாவது நடந்தால் அவனுக்கு நடக்கட்டும் என்று இடம் பார்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை முங்கி எழுந்து வந்த உதயாவின் முகம் வெளுத்திருந்தது. வில்லையை என் கையில் திணித்தான்.

"கீழ போய் படுக்குறேன்டா. இத நீயே வெச்சுக்கோ, எங்கயாவது போட்டுடுவேன்."

சுரங்கக்காரன் மகன். வில்லையைக் கொடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? என்னிடம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தான். நான் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து புகை வந்தது. வெறும் புகைதான், நெருப்பு பிறகுதான் வந்தது. எல்லோரும் இரண்டு சிறு படகுகளில் இறங்கினோம். பலகை என் மடியில். வில்லை கையில் இருந்தவர்கள் இறங்கும்போதே அதை மாட்டிவிட்டார்கள். கேப்டன் இன்னொரு படகில், புகைக்கு அந்தப் பக்கம் இருந்தார். உதயாவும் அந்தப் படகில் இருப்பான் என்று என்னோடு இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எத்தனை பேர் என்று கத்திக் கேட்டார். ஏழாம் கொக்கி காலியாக இருந்தது. பையிலிருந்து வில்லையை எடுத்து மாட்டினேன். பதினாலு என்றேன். அவர் கயிறுகளை அவிழ்த்து விலகச் சொன்னார்.

படகு மூழ்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

எங்கள் குழுவில் வந்த ஜெனிஃபர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ தட்டுகிற மாதிரி கேட்கிறதே என்றாள். மரம் சூட்டில் வெடிக்கிறது என்றேன். அவள் உங்களிடம் சொன்னது நிஜம், சார். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. சின்ன வயதில் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஓடிய தண்ணீர்க் குழாயில் தட்டி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். வெளியே வா என்று அர்த்தம். அவன் அறையின் சின்ன வட்ட ஜன்னல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை.

எனக்குக் குற்றவுணர்ச்சி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். கேரலைக் கொன்றதும் நான்தான், உதயாவைக் கொன்றதும் நான்தான். இரண்டையும் என் வாயால் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ, போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உதயாவின் மனைவி மமதா ஈஜிபுராவில் இருக்கிறாள். சடங்கு முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவரு தூக்கத்துலயே போயிட்டாரா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றேன். அன்றுதான் அவள் கொஞ்சம் தூங்கினாள். தட்டின விஷயத்தை அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெண் தாங்க மாட்டாள். நான் யார் மனசையும் நோகடித்துப் பழக்கம் இல்லாதவன், சார்.